கீழே இறக்கிய காற்றுக்குழாய்

இன்ஸ்பெக்டர் துவான், ஸ்டேஷன் வாசலில் நிற்கிற வெள்ளை டர்போ கார் உங்களுடையது என்று சார்ஜன் சொன்னார். அதில் எதையும் மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும்.

எஞ்சினுக்குக் காற்று போகிற ஏர் இன்டேக் குழாயை மாற்றினால் வேகம் கூடுமா என்று சற்று முன் நீங்களும் கேட்டீர்கள். விசாரணைக்காகக் கேட்டீர்களோ, சொந்த ஆசையில் கேட்டீர்களோ தெரியாது. கிள்ளானில் பட்டறை போட்ட நாளிலிருந்து இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கூடாது. டர்போ வண்டியில் காற்றை இழுத்து அழுத்தித் தள்ளுவதற்கென்றே ஒரு விசிறி இருக்கிறது. எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. கம்பெனிக்காரன் வைத்த கறுப்புக் காற்றுப் பெட்டி அதற்குத் தாராளமாகப் போதும். பெரிய டர்போ போட்டு, கம்ப்யூட்டரையும் மாற்றி எழுதினால் அப்போது பேசலாம். மற்றபடி காசு கொடுத்து வாங்குவது உஸ்ஸென்ற சத்தத்தைத்தான்.

இதைச் சொன்னால் வந்தவன் முகம் தொங்கிப்போகும். "சரி பாஸ், யோசிச்சிட்டு வர்றேன்" என்பான். அடுத்த தெருவில் போய் மாட்டிக்கொண்டு, என் பட்டறை வாசலில் உஸ் உஸ்ஸென்று ஓட்டிக் காட்டுவான். எனக்குக் கோபம் வந்ததில்லை. அலுப்பு வரும். அந்த அலுப்பு தூங்கி எழுந்தாலும் போகாது.

கிருபன் என் மனைவி மலர்விழியின் தம்பி. படிப்பு ஏறவில்லை, பட்டறையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் கேட்டாள். சேர்த்துக்கொண்டேன். ஸ்பேனர் பிடிக்க வராது, வாய் மட்டும் நன்றாக வரும். கைபேசியை நிறுத்திவைத்து அதன் முன்னால் நின்று பேசுவான், ஊர்ப்பட்ட பையன்கள் பார்ப்பார்கள். இன்டேக் மாட்டினால் கார் பறக்கும் என்பான். பறக்கும் என்று நம்பி என் பட்டறைக்கே வருவார்கள், அவனைத் தேடி. ஆள் கெட்டவனில்லை. காலையில் நாசி லெமாக் வாங்கினால் எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வருவான், காரச் சம்பலைத் தனியாகக் கட்டச் சொல்லி. எனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது என்பதை மறந்ததே இல்லை.

மாதம் ஒரு ஞாயிறு பட்டறையில் கூட்டம் கூடும். காரை உருளைமேல் ஏற்றிக் கட்டி, எஞ்சினை முடுக்கி, எவ்வளவு சக்தி என்று திரையில் பார்ப்போம். கிருபனுக்கு இதில் ஒரு வித்தை உண்டு. முதலில் எஞ்சின் கொதிக்கும்போது, பானட்டை மூடிவைத்து ஓட்டுவான். அப்புறம் புதுக் குழாயை மாட்டுவான். மாட்டி முடிப்பதற்குள் எஞ்சின் ஆறிவிடும். பிறகு பானட்டைத் திறந்து, பெரிய மின்விசிறியை எதிரே வைத்து ஓட்டுவான். எண் ஏறும். பையன்கள் விசிலடிப்பார்கள். ஊரில் எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான் செய்கிறார்கள், யாரும் இதைத் தப்பென்று நினைப்பதில்லை.

ஒரு ஞாயிறு நான் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டினேன். எஞ்சினை ஆறவிட்டு, பானட்டைத் திறந்து, அதே விசிறியை வைத்து ஓட்டினேன். அதே எண் வந்தது. கிருபன் சிரித்துக்கொண்டே வந்து என் தோளில் கையைப் போட்டான்.

"அத்தானப் பாருங்கடா, கார்புரேட்டர் காலத்து மூளை. நீங்க போய் தே தாரிக் குடிங்க அத்தான், நாங்க பாத்துக்கறோம் லா."

எல்லோரும் சிரித்தார்கள். காரின் சொந்தக்காரப் பையனும் சிரித்தான். இரண்டு எண்களையும் தன் கண்ணாலேயே பார்த்தவன் அவன். பார்த்துவிட்டுக் குழாயை வாங்கிக்கொண்டு போனான். எனக்கு மிகவும் வலித்தது.

வீட்டுக்குப் போய் மலரிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் சொன்னா நாலு பேரு கேக்கறாங்க. நீங்க சொல்லி யாருங்க கேட்டா?" என்றாள். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

கிருபன் சொந்தமாக ஒரு டர்போ கார் வாங்கியதும் என்னிடம்தான் கொண்டுவந்தான்.

"பானட்டுக்குள்ள ஒரே சூடு அத்தான். குழாய பம்பருக்குக் கீழ எறக்கிடுங்க. ரோட்டுக் காத்து ஜில்லுனு வரும்."

"பிரயோஜனம் இல்ல கிருபா."

"ஆரம்பிச்சிட்டீங்களா. மாட்டுங்க லா."

மாட்டினேன். வேலையில் குறை சொல்ல முடியாது. கீழிருந்து குளிர்ந்த காற்று வரும் என்பது உண்மைதான். கீழிருந்து வேறென்ன வரும் என்பது கிள்ளானில் வருஷா வருஷம் சோபாவைத் தூக்கி மேஜைமேல் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்தால் அந்த இடத்திலேயே செத்துவிடும். குழாயின் வாய் நனைந்தால் மேலிருந்து காற்றை எடுத்துக்கொள்ள ஒரு சின்ன வால்வு இருக்கிறது. என் அலமாரியிலேயே இருந்தது. அவன் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்கிற வழக்கத்தை நான் அதற்குள் விட்டிருந்தேன்.

இதுவரை என்மேல் எந்தக் குற்றமும் இல்லை. வக்கீலும் அதைத்தான் சொல்வார்.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாள், மத்தியானத்திலிருந்தே மழை. நான் பட்டறைக்கு எதிரே இருக்கிற தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தேன். இழுவை லாரி ஓட்டுகிற ஜம்ரி என் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரயில் பாதைக்கு அடியில் போகிற சாலையில் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது என்று அவர்தான் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, கிருபன் போனில் கூப்பிட்டான்.

"மேம்பாலத்துல ஒரே ஜாம் அத்தான். அடிப்பாதையில போயிடவா?"

"போ. தண்ணி கம்மிதான்" என்றேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான், துவான். வண்டி நடுவில் நின்றுவிடும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளுவான். யாராவது படமெடுத்துப் போடுவார்கள், அவன் பையன்களும் பார்ப்பார்கள். அதற்குமேல் நான் எதுவும் நினைக்கவில்லை என்று எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றது, கண்ணாடி இறங்கவில்லை, வெள்ளத்தின் அழுத்தத்தில் கதவு திறக்கவில்லை, உள்ளேயே மூழ்கிவிட்டான், விபத்து என்று முடிவு செய்திருக்கிறீர்கள். மலரும் அப்படித்தான் நம்புகிறாள். "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கலாம்" என்று என் மடியில் படுத்து அழுகிறாள். சாவு வீட்டுக்கு அந்தப் பையன்கள் எல்லோரும் வந்தார்கள். அன்று சிரித்தானே, அந்தக் காரின் சொந்தக்காரன், அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னீங்க பாஸ், நாங்கதான் கேக்கல" என்றான். மறுவாரமே குழாயைக் கழற்ற வரிசையாக வந்தார்கள். பழைய பெட்டியை மாட்டிக் கொடுக்கிறேன். ஒருவனும் எதிர்த்துப் பேசுவதில்லை. நான் எதிர்பார்த்த நிம்மதி அதில் வரவில்லை.

அவன் இரண்டாவது தடவை கூப்பிட்டபோது என்ன பேசினான் என்று கேட்டீர்கள். மழையில் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். பொய். தெளிவாகக் கேட்டது.

"அத்தான், வண்டி நின்னுடுச்சு. தண்ணி கதவுப் பாதி வரைக்கும் வந்துடுச்சு. கண்ணாடி இன்னும் எறங்குது. மேலேருந்து ஒரு லாரிக்காரர் கயித்தப் போட்டுட்டுக் கூப்புடறாரு. வெளிய குதிச்சிடவா?"

"குதிக்காத. கண்ணாடிய ஏத்திடு" என்றேன். "உள்ள தண்ணி போனா ஒயரிங் மொத்தமும் போயிடும். வண்டி வீணாப்போயிடும். ஜம்ரியக் கூட்டிக்கிட்டு இப்பவே வர்றேன். அசையாம உக்காந்திரு."

ஜம்ரி எனக்கு எதிரேதான் இருந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, வீட்டிலிருந்து என்றேன். இன்னொரு தே தாரிக் சொன்னேன், சீனி குறைவாக.

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவன் சிரித்திருப்பான். உங்களுக்கு என்ன தெரியும் லா என்று சொல்லிவிட்டு வெளியே குதித்திருப்பான். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன், "சரி அத்தான், நீங்க சொன்னா சரிதான்" என்றான்.

கண்ணாடி ஏறுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கிருபன் என் பேச்சைக் கேட்டான், துவான். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.