நாலு வரி முடிவுரை

உத்திரமேரூரில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை. மற்றவள் டீச்சர்; கையில் திருத்த வேண்டிய கட்டுரை நோட்டுகள். ஒரே வகுப்பில் படித்தவர்களாம்.

“கட்டுரைக்கு முடிவுரை எப்பிடிடீ எழுதறது?” என்றாள் குழந்தைக்காரி.

“இப்ப இன்னாத்துக்கு உனக்கு அது?”

“முன்னுரை சொல்லிக் குடுத்தாங்க, நடுவுல பத்தி பிரிக்கறதும் ஆச்சு. நாளைக்கு முடிவுரைன்னாங்க. அதுக்குள்ள வயசுக்கு வந்துட்டேன். குச்சுல உக்கார வச்சாங்க, அதோட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. ஏரியப் பத்தி எழுதின அந்தக் கட்டுரை இன்னும் பொட்டியில அப்பிடியே கீது.”

“புதுசா ஒண்ணும் எழுத வேணாம். மேல சொன்னதையே சுருக்கி நாலு வரி எழுதணும், அவ்ளோதான்.”

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“அவ்ளோதானா? அத்த நானே எழுதியிருப்பேனே.”