சோபாவில் கேட்ட பேஸ்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, அடிக்குரல் அக்காவின் குடும்பத்தாரே, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அவருடைய நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் இசைத் தோழர்களே, வணக்கம்.

மின்னிசைக்கு பேஸ் ஒலி செய்வதுதான் அக்காவின் தொழில். பாட்டின் அடியில் உறுமிக்கொண்டு நெஞ்சுக்கூட்டைத் தட்டுகிறதே, அந்த ஒலி. அதனால்தான் அவர் எங்களுக்கு அடிக்குரல் அக்கா. சின்தசைசரில் வெறும் அலையாக எடுத்து, செதுக்கி, கரகரப்பு ஏற்றிக் கொடுப்பார். அதை வைத்து எத்தனையோ பேர் மெட்டுப் போட்டார்கள். ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அக்காவைத் தெரியும்? அதற்காக அவர் ஒருநாளும் வருந்தியதில்லை.

ஆனால் கறாரான மனுஷி. அக்காவும் நானும் வேலைசெய்த ஒலிக்கூடத்தின் மூலையில் ஒரு சோபா உண்டு. மூலையில் பேஸ் தேங்கி நிற்கும். அங்கே உட்கார்ந்தால் நோஞ்சான் ஒலியும் பயில்வானாகத் தெரியும். வருகிறவர்கள் அதில் சாய்ந்துகொண்டு பிரமாதம் என்பார்கள்.

"எழுந்து வந்து என் நாற்காலியில உக்காந்து சொல்லுங்க. அந்த சோபா சொந்தக்காரன் மாதிரி. முகத்துக்கு நேரா எல்லாத்தையும் நல்லாருக்குன்னுதான் சொல்லும்" என்பார் அக்கா.

அவர் விட்டுப்போன கடைசி ஒலியைக் கேட்க, அவருடைய ஒலிகளை வெளியிடும் நிறுவனத்தின் முதலாளி போன வாரம் வந்தார். எங்கே உட்கார்ந்து கேட்டார்? சோபாவில்தான். "இதுவே போதும். அவங்க பேரையே வச்சு வெளியிட்டுடலாம்" என்றார். அக்காவின் கணவர், எங்கள் மாமா, என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ பேர்ல கடைசியா ஒண்ணு வரட்டும்ப்பா." முடியாது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? எனக்கும் வரவில்லை.

முதலாளி போனபிறகு மாமாவை அக்காவின் நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு சுரமாக வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் இரண்டு அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, சுரமே காணாமல் போனது. ஹெட்போனிலும் அதே கதை; குறை அறையில் இல்லை, ஒலியில்தான்.

"இதை அவ வெளிய விட்டிருப்பாளா?"

"மாட்டாங்க, மாமா."

"அப்போ நாம விட்டா கனவுல வந்து திட்டுவா" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

முதலாளி இங்கேதான் இருக்கிறார். சபையிலேயே கேட்டுக்கொள்கிறேன்: ஐயா, கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சுரத்தை நாங்கள் சரிசெய்வோம். எப்படி என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர் போய்விட்டார். ஆனாலும் செய்வோம். அந்த ஒலிக்கு அக்கா கணினியில் வைத்திருக்கும் பெயர், 'இன்னும் ஆகல'. ஆகும்வரை அதுதான் அதன் பெயர்.