கிணத்துக்கு ஆதாரம்

இல்ல மேடம், உக்காரல. மார்க்குக்காக வரல, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பத்துக்கு நாலு, ஃபெயில். இன்னொரு ஃபெயில் ஆனா யூனிவர்சிட்டில என் அரசாங்க சீட்டு போயிடும், தெரியும்.

மொதல்ல இந்தப் பேப்பரைப் பாருங்க, கிணத்துக் கவிதைக்கு நான் எழுதினது. கிணறு என்பது தேசத்தின் ஆன்மா. பக்கத்துல சிவப்பு மையில உங்க எழுத்து, ஆதாரம் எங்கே? கீழ, தண்ணீர் தாய்மையின் கண்ணீர். அங்கயும் ஆதாரம் எங்கே, ரெண்டு கோடு வேற. கடைசில, இந்தக் குப்பையை எங்கே கற்றாய்னு கேட்டிருக்கீங்க.

ஸ்கூல்ல மேடம். எங்க ஊரு வாஸ்லுய்ல மட்டுமா, ருமேனியா பூராவும் அப்படித்தானே. கவிதையை யாரு படிச்சா? அதுக்கு எழுதின விளக்கத்தை ஒரு கமா விடாம மனப்பாடம் பண்ணுவோம். பஸ்ல, பாத்ரூம்ல, சூப் குடிக்கறப்ப.

காப்பியா? ஆமா, காப்பிதான். கமிட்டிக்கு அனுப்பணும்னா அனுப்புங்க. எதுலேர்ந்துன்னு கேப்பாங்கள்ல, இந்தாங்க கைடு. அட்டையைப் பாருங்க. ஒதிலியா கோர்பு. வேற யாரும் இல்ல, நீங்கதான்.

பழைய புக்கா இருக்கலாம். நீங்க மறந்துட்டீங்க, எங்களால மறக்க முடியல. பரீட்சைப் பேப்பர் திருத்தறவங்களுக்கும் இதுதான் மனப்பாடம்.

வேணும்னேதான் எழுதினேன். உங்க வாக்கியத்துக்கு நீங்களே எவ்ளோ போடுவீங்கன்னு பாக்கணும்னு இருந்தது.

போன வருஷம் உங்க கிளாஸ் எனக்கு அவ்ளோ பிடிச்சுது மேடம். வரியைக் காட்டு, அப்புறம் பேசுன்னீங்க. லீவுல ஊருக்குப் போய் என் தம்பி சொரின்கிட்ட அதையே சொன்னேன். அவனுக்கு ஸ்கூல் கடைசி வருஷம். கைடைத் தூக்கிப் போட்டுட்டு, பரீட்சையில வந்த இதே கவிதைக்குச் சொந்தமா எழுதினான். கிணறுன்னா கிணறுதான், அந்தப் பொண்ணுக்குத் தாகம், மூணாவது வரியில வாளி இருக்கு, கயிறு இல்ல. இப்படி ஒவ்வொண்ணுக்கும் வரி காட்டியிருந்தான்.

நாலரை போட்டாங்க, அஞ்சு வந்தாதான் பாஸ். அப்பீல்லயும் அதேதான். அவங்க டீச்சர் சொன்னாங்களாம், நீ எழுதினது தப்பில்லப்பா, கைடுல இல்ல, அவ்வளவுதான்னு.

இப்பவா? ஸ்பெயின்ல ஸ்ட்ராபெரி பறிக்கிறான். ஆகஸ்ட்ல மறுபடி எழுதலாம், வாடான்னு கூப்பிட்டேன். வரேன், எப்படி எழுதணும்னு மட்டும் உங்க மேடத்தைக் கேட்டுச் சொல்லுங்கறான்.

சொல்லுங்க மேடம். எப்படி எழுதட்டும்?