டில்லியின் கண்ணாடி வீடு

எங்கள் ஊரில் ரோஜாக் குச்சியை யாரும் கேட்டு வாங்கமாட்டோம். திருடி நட்டால்தான் வேர் பிடிக்கும் என்பார்கள். உங்கள் மனைவியும் திருடியிருப்பார், சார்ஜென்ட். அதில் குற்றமில்லை.

பக்கத்து வீட்டு டில்லியும் போன இலையுதிர் காலத்தில் என் வேலியோரச் செடியிலிருந்து சில குச்சிகளை ஒடித்துப் போனாள். அது என் மகள் ஃபீபி, காய்ச்சலில் போவதற்கு முன் நட்ட செடி. குளிர்காலப் பனியில் அது கருகிவிட்டது. நான் எடுத்து வைத்திருந்த குச்சிகளும் அழுகின. குச்சியை நட்டு, மேலே ஜாம் பாட்டிலைக் கவிழ்த்து மூடினால் துளிர் வரும்வரை தொடக் கூடாது. தெரியும். இருந்தும் தினமும் காலையில் பாட்டிலைத் தூக்கி, வேர் விட்டிருக்கிறதா என்று லேசாக இழுத்துப் பார்த்தேன். பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

டில்லி செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டில் மட்டும் ஒரு வரிசை பிழைத்திருந்தது. ஒன்று கொடு என்றேன்.

"கேட்டு வாங்கினா வேர் விடாதுடி, ஹெஸ்டர். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன், திருடிக்கோ" என்று சிரித்தாள். "மிச்சத்தை சர்ச் விற்பனைக்குக் குடுக்கப்போறேன். ஊர்ல எல்லார் வாசல்லயும் உன் ஃபீபி பூக்கட்டுமே."

நல்ல மனசுதான். ஆனால் யார் யாரோ என் ஃபீபியைக் கத்தரிப்பார்கள், ஜாடியில் வைப்பார்கள், வாடியதும் குப்பையில் போடுவார்கள். வேண்டாம் டில்லி என்று கெஞ்சினேன்.

"போடி பைத்தியம். செடிதானே" என்றாள்.

விற்பனைக்கு முந்தின நாள் மதியம் அவள் கண்ணாடி வீட்டுக்குப் போனேன். கூரைச் சன்னலைத் திறக்க ஸ்டூலில் ஏறியவள், திறப்பதற்குள் விழுந்து, இடுப்பை அசைக்க முடியாமல் கிடந்தாள். உள்ளே அனல்.

"வந்துட்டியா! டாக்டரைக் கூப்பிடுடி."

நான் தொட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ, ஹெஸ்டர். நான் கேக்கவே மாட்டேன். கொஞ்சம் தண்ணியாவது குடு."

அவளுடைய பூவாளியிலேயே தண்ணீர் இருந்தது. வெயிலில் கொண்டுவந்ததால் தளிர்கள் தொய்ந்திருந்தன, அவற்றுக்கு ஊற்றினேன். பிறகு கதவைச் சாத்தினேன். அவள் கூப்பிட்டது என் சமையலறை வரை கேட்டது. சாயங்காலம் நின்றது.

ஊரில் கொலை என்கிறார்களாம். அவளைக் கொல்ல வேண்டும் என்று எனக்கு என்ன? கொல்ல நினைத்திருந்தால் பூட்டியிருப்பேன். நான் வெளியே தாழ்ப்பாள் மட்டும்தான் போட்டேன்.