தெப்பத்துக்கு ஒரு சுரைக்குடுக்கை

இல்ல சாமி, இது சுரைக்காய் இல்ல, சுரைக்குடுக்கை. காஞ்சு கலகலன்னு ஆன பொறம் அது காயா, நீங்களே சொல்லுங்க. உங்க ஆச்சாரத்துல சுரைக்காயைத் தின்னக்கூடாதுன்னுதானே இருக்குது? ஒடம்புல கட்டக்கூடாதுன்னு எங்கனா எழுதியிருக்குதா? இவ்ளோ வேதம் படிச்ச பட்டரு, முசரவாக்கத்துக் கெணத்துல நின்னுக்கினு அத்த எங்கிட்ட கேக்கறீங்களே. சந்நியாசிங்க தண்ணி மொண்டுக்கறாங்களே, அந்தக் கமண்டலம் பின்ன எதுல செஞ்சுதாம்? ஆங், அப்படி வாங்க. துண்டை மேல வெச்சிட்டு எறங்குங்க. சில்லுனுதான் இருக்கும். ரெண்டாவது படிக்கே நாராயணா நாராயணான்னா எப்படி, நாளைக்குக் கோயில் கொளத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வெய்யுங்க.

யாரும் பாக்க மாட்டாங்க. அதுக்குத்தானே டவுன் பஸ்ஸுல வராம குதிரை வண்டி வெச்சிக்கினு வந்தீங்க. எங்க வூட்டுக்காரி காந்தா மட்டும் மோட்டார் ரூமாண்ட குந்திக்கினு இருக்கறா. அவ சிரிக்க மாட்டா. அடியே காந்தா, சிரிக்காத, சாமி பாக்கறாரு.

நீங்க பயப்படறது ஞாயம்தான். உங்க அண்ணாரு இருந்தவரைக்கும் தெப்பத்துல பெருமாளுக்கு ஆரத்தி காட்ட அவரு ஏறினாரு. அவரு போனதும் முறை உங்களுக்கு வந்துது. வந்தும் இன்னா, வருண பகவான் உங்க கட்சியில இருந்தாரு. நாலஞ்சு வருஷமா கொளத்துல பசங்க கில்லி ஆடினானுங்க, பெருமாளைக் கட்டாந்தரையிலயே சுத்திக் காட்டிட்டுத் தப்பிச்சிக்கினீங்க. இந்த வருஷம் பேஞ்சு தொலைச்சிட்டுது. இப்ப ஏறலன்னா முறை உங்க பங்காளி சீனிவாசன் சாமி வூட்டுக்குப் போயிடும், ஒருக்கா போனது திரும்பாது. தெரியும் சாமி, வண்டிக்காரன் சொன்னான், வழி பூரா அவரைத்தான் திட்டிக்கினு வந்தீங்களாமே. எப்படா இவன் வழுக்குவான்னு கழுகு மாதிரி காத்துக்கினு இருக்கறாருன்னு.

தெப்பம் கவுறாது, அத்த வுடுங்க. நீங்கதான் கவுறுவீங்க. ஈரப் பலகை, கையில தட்டு, சுத்தி நாயனம் தவுலுன்னு எக்கச்சக்கக் கூட்டம். அதனாலதான் சொல்றேன், உள்ள ஒண்ணு கட்டிக்கினா மனசு தெகிரியமா இருக்கும்.

லாரி ட்யூப்பு மொதல்லயே பாத்தாச்சே சாமி. அந்த லாரி ராணிப்பேட்டைக்குத் தோல் ஏத்திக்கினு போனதுன்னு ஒரு வார்த்தை சொன்னேன், ஓடிப்போயி மறுபடி குளிச்சிட்டு வந்தீங்க. அதுவும் இல்லாம, பஞ்சகச்சத்துக்குள்ள ட்யூப்பு வெச்சிக்கினு நின்னா பட்டருக்கு இது எத்தினியாவது மாசம்னு பொம்பளைங்க கேக்கும். மண்ணெண்ணெய் டின்னு கட்டினா, குனியறப்பல்லாம் டம்முனும், தவுல்காரன் தாளத்தை வுட்டுட்டு உங்களைப் பாப்பான். வாழைக்கட்டையை எங்க மறைக்கறது? கல்யாணப் பந்தல் மாதிரி இருப்பீங்க. சுத்திச் சுத்தி இதுதான் சாமி. இந்தக் குடுக்கை மேல பட்டுத் துணி சுத்தியிருக்கறேன் பாருங்க. பட்டுக்குத் தீட்டு இல்லன்னு நீங்கதானே சொல்லுவீங்க? இப்ப இதுவும் மடி.

கையைத் தூக்குங்க. இன்னும். அக்குளுக்குக் கீழ, இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு. இடுப்புலயா? இடுப்புல கட்டினா இடுப்புதான் மேல வரும், தலை அடியில போயிடும். கரையில நிக்கற சனம் பெருமாளை வுட்டுட்டு உங்க பின்பக்கத்தை சேவிச்சிட்டுப் போவும். முதுவுல கட்டினா மூஞ்சைத் தண்ணியில அமுக்கிக்கும். பெருசும் வாணாம். பெருசு கட்டினா நிக்க வுடாது, உருட்டி வுட்டுடும். கொழுப்பு மெதக்கும் சாமி, எலும்புதான் முழுவும். உங்க தொப்பையே பாதிக் குடுக்கை, மடப்பள்ளிப் புண்ணியம். உள்ள இழுக்காதீங்க, தண்ணியில அதுதான் தொணை.

பூணூலைக் கவுத்துல சிக்காம இப்படி எடுத்துக்குங்க. மூச்சை நல்லா இழுங்க. வுடுங்க. ரெண்டு வெரல் உள்ள போவுது, செரியா இருக்குது. இன்னும் இறுக்கினா மந்திரம் வராது. தளர்த்தினா குடுக்கை ரெண்டும் காதாண்ட ஏறி நிக்கும், நடுவுல உங்க தலை மூணாவது காய் மாதிரி தெரியும். இப்ப காலை வுடுங்க. அட, படியைப் புடிங்கன்னா என் முடியைப் புடிக்கறீங்களே! கெணத்துல வுழுந்த கொடம், தவலை எத்தினியோ முழுவி எடுத்திருக்கறேன் சாமி, எதுவும் என் மசுரைப் புடிச்சதில்ல. ஆங். பின்னால சாஞ்சுக்குங்க, வானத்தைப் பாருங்க. பாத்தீங்களா? வாயி தண்ணிக்கு மேலதானே இருக்குது? அது போதும். இதுக்கு மேல மெதக்கணும்னா நீங்க வாத்தாதான் பொறந்திருக்கணும்.

இன்னா கேட்டீங்க? நடவு வேலையைக்கூட வுட்டுட்டு உங்களை இவ்ளோ பொறுமையாத் தாங்கறேனே எதுக்குன்னா? அத்த சொல்லக்கூடாதுன்னு ஒருத்தரு சத்தியம் வாங்கிக்கினு போனாரு. பரவால்ல, இப்ப நீங்க மெதந்துக்கினு இருக்கறீங்க, எழுந்து ஓட முடியாது, சொல்லிடறேன்.

விடியக்காலம் சீனிவாசன் சாமி வந்திருந்தாரு. ஆமா, அவரேதான், உங்க பங்காளி. ஆடாதீங்க, ஆடாதீங்க, குடுக்கை நவுருது. ஓட்டைக் குடுக்கை கட்டச் சொல்லல சாமி, நீங்க ஒண்ணு. இங்கதான், இந்தப் படிக்கு மேல, தண்ணிப் பக்கமே வராம நின்னாரு. துரைக்கண்ணு, இன்னிக்கு எங்க பங்காளி அயக்கிரீவன் உங்கிட்ட வருவான், எந்தச் சாமான் கட்டுவியோ, எப்படிக் கட்டுவியோ, நாளைக்கு அவனை எப்படியாவது தெப்பத்துல ஏத்திடுடான்னாரு. இத்தினி வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத மனுசன், உங்களுக்கு இன்னாத்துக்கு சாமி இந்த அக்கறைன்னு கேட்டேன். அப்படியே குந்திட்டாரு. கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

அவன் ஏறலன்னா நான் ஏறணுமேடான்னாரு.

அவருக்குத் தொட்டித் தண்ணியைப் பாத்தாலே ஒதறுதாம் சாமி. வூட்டம்மா முன்னால வீறாப்பா முறை நம்ம வூட்டுக்கு வரணும்னு கத்திட்டு, சன்னிதியில போயி, வராம பாத்துக்க பெருமாளேன்னு வேண்டிக்கினு வருவாராம். சிரிக்காதீங்க, வாயில தண்ணி போவுது. நாளைக்கு உங்க உசுருக்கு அந்தக் கரையில நின்னுக்கினு உங்க வூட்டு அம்மாவைவிட உருகப் போறவரு அவருதான். தெப்பம் அந்தப் பக்கமா திரும்பறப்ப, அவரைப் பாத்து ஒரு கையை ஆட்டி வெய்யுங்க. பாவம், மனுசனுக்கு உசுரு வரும்.