இதை வாங்குகிறவர் எப்படிப்பட்டவர்

கூபே என்கிற இரண்டு கதவு கார் வாங்குகிறவரிடம் பின்சீட்டைப் பற்றிக் கேட்கக் கூடாது. முகம் வாடிவிடும். அதில் ஒரு குடை உட்காரலாம், ஒரு கோட்டு உட்காரலாம், மிஞ்சிப்போனால் நமக்குப் பிடிக்காத ஒரு மைத்துனர் உட்காரலாம். அது தெரிந்தேதான் வாங்குகிறார்கள். வசதிக்காக யாரும் இரண்டு கதவு வண்டி வாங்குவதில்லை, ஆசைக்காக வாங்குகிறார்கள். ஆசைப்படுகிறவனைக் கேலி செய்வது ரொம்பச் சுலபம். இருபத்துமூன்று வருடம் நான் அதைத்தான் செய்தேன்.

அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கு வேறு மாதிரி சொல்லவும் வராது. கார் பத்திரிகையில் ஒப்பீட்டுக் கட்டுரை எழுதிப் பிழைத்தவன் நான். ராஜா வீட்டு வண்டிகளை எல்லாம் தலைமை ஆசிரியர் எடுத்துக்கொள்வார். மாதச் சம்பளக்காரன் மனைவியைச் சமாதானப்படுத்தி வாங்கக்கூடிய வேகமான வண்டிகள் என் பங்குக்கு வரும். மூன்று வண்டிகளை எடுத்துக்கொண்டு வளைவான சாலையில் ஒரு பகல் முழுக்க ஓட்டுவோம். பிரேக், ஸ்டியரிங், வேகம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவோம். கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வரும். ‘இதை வாங்குகிறவர்’ என்று தலைப்பு. கட்டுரையைப் படிக்காதவர்கள்கூட அந்தக் கட்டத்தைப் படிப்பார்கள்.

எடை குறைந்த சின்ன வண்டியை வாங்குகிறவர், வளைவில் எப்படித் திரும்பினேன் என்பதைக் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட விளக்குவார். பின்னால் பெரிய இறக்கை வைத்த வண்டிக்காரருக்கு, வண்டியை ஓட்டும் நேரத்தைவிட நிறுத்தி வைத்துப் பக்கத்தில் நிற்கும் நேரம் அதிகம். மூன்றாவது, பெரிய இஞ்சின், பின்சக்கரத்துக்கு மட்டும் விசை, ஊரைக் கூட்டும் உறுமல். அதன் சொந்தக்காரர் கிளம்பும்போது பாதையைப் பார்க்கமாட்டார். யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார். அப்படியே விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொள்வார். இந்த வரிக்கு எனக்கு வந்த கடிதங்களை ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன்.

என் மகள் பதினாலு வயதிலிருந்து என் கட்டுரைகளுக்குப் பிழை திருத்துவாள். சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு படிப்பாள். அந்தக் கட்டம் வந்ததும் ஒரு பெருமூச்சு விடுவாள். ஒரு தடவை சொன்னாள்: “அப்பா, வண்டியை ஓட்டிப் பாத்துட்டு எழுதறீங்க. ஆளை ஓட்டிப் பாக்காமலே எழுதறீங்க.”

நான் சிரித்தேன். அந்தக் கட்டத்தை அடிக்காமல் விட்டாள். அப்பாவின் பிழைப்பு என்று விட்டிருப்பாள்.

இருபத்தேழு வயதில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. மூன்றாவது வண்டி. கறுப்பு நிறம்.

மாப்பிள்ளையைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் குழந்தைகளுக்குக் காது சோதிக்கிறவர். சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒரு சின்ன அறையில் குழந்தையை உட்கார வைத்து, மிக மெல்லிய சத்தங்களை வைப்பார். கேட்டால் குழந்தை ஒரு மரக்கட்டையைக் கூடையில் போட வேண்டும். போடாத குழந்தைகளின் பெற்றோரிடம் பேசுவதும் அவர் வேலைதான். “நாள் பூரா குசுகுசுன்னு சத்தம் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்ப்பா. சாயங்காலம் ஒரு பெரிய சத்தம் வேணுமாம்,” என்று மகள் சொன்னாள். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

எனக்குப் பயமாக இருந்தது. அதைப் பயம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். இந்த வண்டி எத்தனை பேரைச் சாலையோரம் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் பெண் அதன் முன்சீட்டில் உட்கார்ந்து போகிறாள்.

அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். என்னை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார். மஞ்சள் விளக்குக்கு நின்றார். சைக்கிள்காரருக்கு ஒதுங்கிக் கொடுத்தார். பக்கத்தில் நான் இருக்கிறேன் என்று நடிக்கிறார் என நினைத்துக்கொண்டேன். அடுத்த மாத இதழில் அந்தக் கட்டத்தில் அவரையே எழுதினேன். பெயர் போடவில்லை, ஆனால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாமனார் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் மஞ்சள் விளக்குக்கு நிற்கிறவர் என்று. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். அவர் அதை வெட்டித் தன் அறைக் கதவில் ஒட்டி வைத்தார். “மாமா, குழந்தைங்களோட அப்பாங்கல்லாம் படிச்சுட்டுச் சிரிக்கிறாங்க. பாவம், சிரிச்சுட்டு உள்ள வந்தா அவங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்கு,” என்றார். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதில் ஒரு துளி வன்மம் இல்லை.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் வண்டியை விற்றுவிடுங்கள் என்று மகளிடம் சொன்னேன். “அவருக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதாம்பா,” என்றாள். பிறகு, “உங்களுக்கு வண்டி பிடிக்கலையா, அவரைப் பிடிக்கலையா?” என்று கேட்டாள். நான் வண்டி என்றேன். அதற்குப் பிறகு அவள் என் கட்டுரைகளைத் திருத்தவில்லை. சண்டை எதுவும் இல்லை. நேரமில்லை என்றாள்.

அந்த ஆவணியில், மழைக்கு முன்னால், பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, எது நல்லது என்று மாப்பிள்ளை என்னிடம் யோசனை கேட்டார். “நீங்க எதுக்கு அலையணும் மாப்பிள்ளை? வண்டியை ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க. நான் மாட்டித் தரேன். என் பரிசா இருக்கட்டும்,” என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவருக்குக் கொடுத்த முதல் பரிசு அது.

பத்திரிகையின் சோதனைக் கொட்டகையில் டயர் மாற்றும் இயந்திரம் உண்டு. பரணில் பழைய டயர்களும் உண்டு. டயர் என்பது ரப்பர். ஓடாமல் கிடந்தாலும் அதற்கு வயதாகும். பதினொரு வருடம் கிடந்தால் மேல்வரித் தடம் தேயாமல் ஆழமாக, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கட்டை மாதிரி இறுகியிருக்கும். காய்ந்த சாலையில் வித்தியாசம் தெரியாது. ஈரத்தில் பிடிக்காது. செய்த வருடம் டயரின் ஒரு பக்கத்தில் சின்ன எண்ணாகப் பொறித்திருக்கும். அப்படி இரண்டை எடுத்து, அந்தப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மாட்டினேன். கறுப்பு மெருகு போட்டுத் துடைத்தேன். நாற்பது நிமிட வேலை.

தீங்கு செய்ய நினைக்கிறவன் பிரேக்கில் கை வைப்பான். நான் வைக்கவில்லை. என் கணக்கு வேறு. மாப்பிள்ளை வேலைக்குத் தனியாகத்தான் போவார். வழியில் ஒரு பெரிய ரவுண்டானா. முதல் மழையில் பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றும். ஓரக்கல்லில் இடிக்கும். கதவு நசுங்கும், ஆள் வெலவெலத்துப் போவார். வண்டியை விற்றுவிடுவார். நான் எழுதியது சரி என்று என் மகளும் ஒருநாள் ஒப்புக்கொள்வாள். அவ்வளவுதான் நான் விரும்பியது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வாரம் மழை வரவில்லை. நான்காவது வாரம் சனிக்கிழமை வந்தது. பகல் பதினொன்றே கால். ரவுண்டானா அல்ல; அதைத் தாண்டி, பழைய தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு வளைவு. வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்க் கம்பத்தில் மோதியது. அவர் பக்கம் இல்லை. என் மகள் உட்கார்ந்திருந்த பக்கம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் மூன்று தையல். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. “மாமா, நான் வேகமாப் போகல. சத்தியமா வேகமாப் போகல மாமா,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கையில் அவளுடைய ஒரு செருப்பு இருந்தது. என் மனைவி அவரை மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் டாக்டரோடு பேசப் போனேன். அவர்தான் சொன்னார், ஒன்பது வாரம் என்று. எனக்கு முதலில் புரியவில்லை. என்ன ஒன்பது வாரம் என்று கேட்டேன். கரு என்றார்.

வழக்கு வந்தது. வண்டியைப் பார்க்க வந்த ஆய்வாளர் டயரின் தடத்தை அளந்தார். ஆழம் நன்றாக இருந்தது, அப்படியே எழுதிக்கொண்டார். கோர்ட்டில் என்னைத் தகப்பன் என்றுதான் கூண்டில் ஏற்றினார்கள். ஆனால் அங்கே பாதிப்பேர் என் வாசகர்கள். “உங்க மாப்பிள்ளை வழக்கமா எப்படி ஓட்டுவார்?” என்று கேட்டார் வக்கீல். ஒரே வாக்கியம் சொன்னேன். “அந்த வண்டிக்காரங்க எப்படி ஓட்டுவாங்களோ அப்படி,” என்றேன். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே. பலர் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கொஞ்சம் தலையாட்டின மாதிரி இருந்தது.

நான்கு வருடம் தண்டனை. பதினாறு மாதம் முடிந்துவிட்டது.

என் மனைவி மாதம் தவறாமல் அவரைப் பார்க்கப் போவாள். என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். “பெத்த பொண்ணு போயிட்டா. இருக்கிற பிள்ளையையும் உள்ள தள்ளிட்டு வந்துட்டீங்க,” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், காய் நறுக்கிக்கொண்டே. போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். அதனால் நான் போனேன்.

இளைத்திருந்தார். காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. நான் வந்ததில் அவருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். அத்தைக்கு எப்படி இருக்கிறது, மாத்திரை போட்டார்களா என்றெல்லாம் கேட்டார். பிறகு குனிந்துகொண்டு பேசினார்.

“மாமா, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். நான் வேகமாப் போகலன்னு அன்னிக்குச் சொன்னேன்ல? போயிருக்கேன் போல. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். இத்தனை வண்டி ஓட்டின நீங்களே சொல்றப்ப, போயிருப்பேன்தானே? இல்லாட்டி அது ஏன் அப்படிச் சுத்தணும்? அந்தச் சந்தோஷத்துல கால் கொஞ்சம் அழுத்திருச்சோ என்னவோ. நீங்க என்னை மன்னிக்க வேண்டாம். ஆனா நான் பொய் சொன்னேன்னு மட்டும் நினைக்காதீங்க. எனக்குத் தெரியாம சொல்லிட்டேன்.”

நான் “சரி மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து நாள் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவர் வேகமாகப் போகவில்லை. அதை நீங்கள் எழுத்தில் வாங்கி, அவரிடம் படித்துக் காட்ட வேண்டும். நான் நேரில் சொன்னால் என்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்.

அந்தச் சந்தோஷம் என்று அவர் சொன்னது எது என்று கேட்கிறீர்கள். அவள் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். பத்தே முக்காலுக்கு அவளிடமிருந்து போன் வந்தது. ஆமாம், கோர்ட்டில் இதை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

“அப்பா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி,” என்றாள். பல மாதத்துக்குப் பிறகு பழைய குரலில் பேசினாள். “இந்த வண்டியை இன்னிக்கே குடுத்துட்டு நாலு கதவு வண்டி எடுக்கப் போறோம். ஏன்னு சாயங்காலம் வந்து சொல்றேன். அம்மாகிட்ட இப்ப மூச்சு விடாதீங்க.” அப்புறம், “இங்க நல்ல மழைப்பா. ரோடெல்லாம் தண்ணி. போகலாமில்ல? நீங்க மாட்டுன டயரு புதுசுதானே?” என்றாள்.

என் ஜன்னலுக்கு வெளியிலும் மழைதான். நாளைக்குப் போங்கம்மா என்றால் போதும். ஏன் என்று கேட்பாள். அவளிடம் ஒரு சாக்குச் சொல்லித் தப்பிக்க முடியாது. பதினாலு வயதிலிருந்து என் வரிகளைத் திருத்தியவள். நான் வாயைத் திறந்தால் கண்டுபிடித்துவிடுவாள், கண்டுபிடித்தால் அதோடு என் முகத்தில் விழிக்கமாட்டாள். அதனால் மாப்பிள்ளையை நினைத்துக்கொண்டேன். மஞ்சள் விளக்குக்கு நிற்கிறவர், சைக்கிள்காரருக்கு ஒதுங்குகிறவர், பார்த்து மெதுவாகத்தான் ஓட்டுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆமாம். அன்றைக்கும் தெரியும், கூண்டில் நின்றபோதும் தெரியும்.

“புதுசுதாம்மா. தைரியமாப் போயிட்டு வாங்க,” என்றேன்.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு டயரும் எங்கள் கொட்டகைக்கு வந்த நாளிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதவை. என் மகளிடம் நான் பொய் சொல்லவில்லை.