துறைமுகச் சுவரைத் தள்ளிய கேப்டன்

...இருங்க, இருங்க. தலைவர் மணியைப் பாக்குறாரு, தெரியுது. ஒரே ஒரு குட்டிக் கதை, சொல்லிட்டு இறங்கிடுறேன். கதையில வர்ற முட்டாள் யாருன்னு நீங்க தேட வேண்டாம். இதோ, மைக்குக்குப் பின்னாடி நிக்கிறான்!

காலையிலேருந்து பேசுனவங்க எல்லாரும் என்ன சொன்னாங்க? புகையில்லாத கப்பல் நல்லதுதான், ஆனா மெத்தனால் எரிபொருளுக்குத் தொட்டி இல்ல... அமோனியாவுக்குப் பழகின ஆள் இல்ல... பேட்டரிக்குத் தெம்பு இல்ல... எல்லாம் நியாயம்தான். நானும் ஒரு காலத்துல இதைத்தான் சொன்னேன். சத்தியமா சொன்னேன்!

அப்ப நான் ஒரு துறைமுகத்துல இழுவைப் படகு கேப்டன். எந்தத் துறைமுகம்னு கேக்காதீங்க, மானம் போகும். பெரிய சரக்குக் கப்பலைக் கட்டி இழுத்துட்டு வந்து கரையில சேக்குற வேலை. முப்பது வருஷம் டீசல் படகு. திடீர்னு ஒரு நாள் பேட்டரியில ஓடுற படகு ஒண்ணு வந்து நின்னுச்சு. அதைக் கொண்டு வந்தது ஜெனிட்டான்னு ஒரு மின் இன்ஜினியர் பொண்ணு. ரெண்டு வருஷம் அந்தப் படகோடவே குடித்தனம் நடத்துன பொண்ணு. ஒரே ஒரு சோதனை. பாஸானா இன்னும் ஆறு படகு வாங்குவாங்க. ஃபெயிலானா... படகும் திரும்பிப் போகும், அவ பட்ட பாடும் தண்ணியோட போகும்.

சோதனை அன்னிக்குக் காலையில விழா. வரவேற்புரை யாரு? நான்தான்! மைக்குன்னா எனக்கு உசுரு, உங்களுக்குத்தான் தெரியுமே.

படகை விட்டு இறங்கும்போது என் மேட், அதாவது உதவி மாலுமி, மைதீன் கேக்குறான்: "அண்ணாச்சி, கயிறு போட்டுக் கட்டிரவா?"

நான் சொல்றேன்: "எதுக்குல கயிறு? சும்மா சுவத்துல முட்டுக் குடுத்து நில்லு. இந்தா வந்திருதேன்."

முட்டுக் குடுக்குறதுன்னா தெரியுமா? கயித்தைக் கட்டி அவுக்கச் சோம்பல்பட்டு, படகு மூக்கைத் துறைமுகச் சுவத்துல வச்சு, புரொப்பல்லரை, அதான் படகைத் தள்ளுற விசிறியை, மெதுவா ஓட விட்டுருவோம். படகு நகராது. காலங்காலமா எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் நிப்போம். டீசலும் போகும், புகையும் போகும்... எவன் கேக்கான்?

மேடையில எனக்குக் குடுத்தது அஞ்சு நிமிஷம். பேசுனது நாப்பது! "புகையில்லாத் துறைமுகம் நம் கனவு! ஒரு சொட்டு எரிபொருளும் வீணாகக் கூடாது!" ஒரே கைத்தட்டு. அங்க கீழ என் படகு சுவத்தைத் தள்ளுது... தள்ளுது... தள்ளிக்கிட்டே இருக்கு. எனக்குப் பின்னாடி இன்னும் நாலு பேரு பேசுனாங்க. அவங்க மட்டும் என்ன, எனக்கு இளைச்சவங்களா?

பத்தேகாலுக்குப் போயி, சார்ஜ் எவ்வளவு இருக்குன்னுகூடப் பாக்காம, கப்பலைக் கட்டுனேன். பாதி வழி வந்தாச்சு. கீங் கீங்னு அலாரம்! சார்ஜ் காலி. ஊரே வேடிக்கை பாக்க, ஒரு பழைய டீசல் படகு புகையைக் கக்கிக்கிட்டு வந்து, கப்பலையும் இழுத்து... என்னையும் சேத்து இழுத்துட்டுப் போச்சு!

சாயங்காலம் விசாரணை. அதிகாரி கேட்டாரு: "கேப்டன், என்னாச்சு?"

நெஞ்சை நிமித்திக்கிட்டு நான் சொல்றேன்: "பேட்டரிக்குத் தெம்பு பத்தாது சார்." முப்பது வருஷ அனுபவம் பேசுது இல்லையா! எல்லாரும் தலையை ஆட்டி எழுதிக்கிட்டாங்க.

வெளிய வந்தேன். பின்னாலயே அந்தப் பொண்ணு லேப்டாப்போட வந்து நிக்குது. "சார், எட்டு மணியிலேருந்து பத்தேகால் வரைக்கும் புரொப்பல்லர் சுத்தியிருக்கு. எதைத் தள்ளுனீங்க?"

"அது... சுவரும்மா. எப்பவும் அப்படித்தான் நிப்போம்."

அவ கோபப்படல. கோபப்பட்டிருந்தா நானும் சண்டை போட்டுத் தப்பிச்சிருப்பேன். கண்ணு மட்டும் கலங்கிருச்சு. "சார், இதை நான் உள்ள போய்ச் சொன்னா, தன் மிஷினைக் காப்பாத்த கேப்டன் மேல பழி போடுறாள்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

முப்பதாயிரம் டன் கப்பலை நகர்த்துன எனக்கு அந்தக் கதவைத் தள்ளத் தெம்பு இல்லீங்க. பெரிய பேச்சாளன் வேற! எப்படியோ உள்ள போனேன். என் வாழ்க்கையிலேயே நான் பேசுன சின்னப் பேச்சு அதுதான்: "தப்பு பேட்டரி மேல இல்ல சார்... என் மேல. ரெண்டேகால் மணி நேரம் சுவரைத் தள்ளிக்கிட்டு இருந்தேன்."

ஒருத்தர் சிரிச்சாரு. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. அதிகாரி எழுதுனதை அடிச்சிட்டு மறுசோதனை போட்டாரு. அடுத்த வாரம் கயித்தைக் கட்டி நின்னோம். அதே படகு, அதே பேட்டரி. கப்பலைக் கொண்டுவந்து கரையில சேத்த பிறகும் பாதி சார்ஜ் மிச்சம்!

ஏன் இதைச் சொல்றேன்? தொட்டி இல்லாதது நிஜக் கஷ்டம். விலை நிஜக் கஷ்டம். நான் இல்லேங்கல. ஆனா நம்ம சோம்பலையும் பழக்கத்தையும் கொண்டுபோய் அந்தக் கஷ்டத்துக்கு நடுவுல ஒளிச்சு வச்சிட்டு, "புது எரிபொருள் சரிவராது"ன்னு அறிக்கையில கையெழுத்துப் போடுறோமே... அதை என்ன சொல்றது? நம்ம அனுபவத்தை நம்பித்தானே அந்தக் காகிதத்தை நாலு பேரு படிக்கிறாங்க? இங்க கேப்டன் இருக்கீங்க, இன்ஜினியர் இருக்கீங்க, முதலாளி இருக்கீங்க. "எப்பவும் அப்படித்தான்"னு ஒண்ணு உங்ககிட்டயும் இருக்கும். நாளைக்குப் போய் அதை வாய் திறந்து ஒத்துக்கோங்க. சிரிப்பாங்க... சிரிக்கட்டுமே. வெக்கத்துல யாரும் செத்துப் போகல. நானே சாட்சி!